ஏழாம் எண், மூன்று பிரதி

ஆல்பக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. அவரைக் கண்டுபிடிக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய், கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல், கோபுரப் படம் போட்ட போஸ்ட்கார்டை வெயிலுக்குச் சாய்த்து, கீறல் இருக்கிறதா, மூலை மழுங்கியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் ஆராய்ந்துகொண்டிருப்பவர் எவரோ, அவர்தான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்றால் முதல் ஆளாக வருவார். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணோம். எங்கே போனார்? பழைய அட்டை ஏதாவது விற்காமல் கிடக்கிறதா என்று கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

அட்டை என்பது யாருக்காவது நாலு வரி எழுதி அனுப்புவதற்கு என்று நினைக்கிறீர்களா? பாவம் நீங்கள். அனுப்பினால் போய்விடுமே! இந்த இனத்தின் சட்டம் சின்னது. விரல் படக்கூடாது. வெளிச்சம் படக்கூடாது. யாருக்கும் சும்மா கொடுக்கக்கூடாது. ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்க வேண்டும்.

ஒரத்தநாட்டில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உறுப்பினர் கிளாட்சன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. மெஷின் சூடாகும் இரண்டு நிமிடத்தில் வாடிக்கையாளர் முன்னால் ஆல்பத்தைத் திறந்துவிடுவார். மெஷின் வேண்டுமென்றேதான் மெதுவாகச் சூடாகிறது என்பது அவர் மனைவி ரோஸ்லினின் சந்தேகம். "அவசரமா வந்தவங்களை விட்டுடுங்களேன்" என்பார் அவர். கிளாட்சன் விடமாட்டார். அவருக்குக் கவலை நாட்டைப் பற்றியது. "நம்ம பண்பாடு அழிஞ்சுக்கிட்டு இருக்குங்க. என்கிட்ட பத்திரமா இருக்கு" என்பார், பிளாஸ்டிக் உறையைத் தடவியபடி.

அவரிடம் உள்ளதிலேயே பெரிய பொக்கிஷம், நாற்பது வருஷத்துக்கு முன் வெளிவந்த 'தஞ்சை மண்ணின் பெருமைகள்' என்ற பன்னிரண்டு அட்டைத் தொகுப்பு. முதல் எண் பெரிய கோயில், இரண்டு கல்லணை, மூன்று தலையாட்டி பொம்மை, நான்கு வீணை என்று போகும். ஏழாம் எண் நடவு. சேற்றில் குனிந்த பெண்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, கையில் நாற்று முடியோடு, யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். கிளாட்சனுக்கு இந்த அட்டையின் மீது பெரிய மரியாதை இல்லை. "அந்தம்மா சிரிச்சுக் கெடுத்துட்டாங்க. இல்லாட்டி நல்ல வரிசை" என்பது அவர் விமரிசனம். யாரும் மாற்றுக்குக் கேட்காததால் அதில் மட்டும் அவரிடம் மூன்று பிரதி.

போன மாதம் அம்சம் அந்தக் கடைக்கு வந்தார். பக்கத்து ஊரில் இரண்டு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறவர். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா அடங்கல் நகல் எடுக்க வந்தவர். வழக்கம்போல மெஷின் சூடானது. வழக்கம்போல ஆல்பம் திறந்தது. ஏழாம் எண்ணில் அம்சத்தின் கை நின்றுவிட்டது.

"சார், இது எங்கம்மா."

"உறை மேல கை வைக்காதீங்கம்மா. என்ன சொன்னீங்க?"

"எங்கம்மா சார். முழங்கைகிட்ட தேள் பச்சை குத்தியிருக்கு பாருங்க. இந்தச் சிரிப்புக்குத்தான் வரப்புல நிக்கிறவங்ககிட்ட திட்டு வாங்குவாங்க."

கிளாட்சன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தேள் இருந்தது.

அம்சம் சொன்னார், "வர்ற வியாழக்கிழமை முதல் தெவசம் சார். வைச்சுக் கும்புட ஒரு படம் இல்ல. ஆதார்ல இருக்கறது எங்கம்மான்னு நான் சொன்னாத்தான் தெரியும். மூணு வச்சிருக்கீங்களே, ஒண்ணு குடுங்களேன்."

நீங்களும் நானும் என்றால் கொடுத்திருப்போம். ஆல்பக்காரர் மனசு எப்படி வேலை செய்யும் என்பதை இங்கே கவனியுங்கள். ஐந்து நிமிடம் முன்புவரை யாரும் சீண்டாத அட்டை. இப்போது? படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த அட்டை! வேறு எவரிடமும் கிடையாது! அம்சம் தன் அம்மாவை அடையாளம் காட்டிய அந்த நொடியிலேயே அவருக்கு அந்த அம்மா கிடைக்காமல் போனார்.

"இப்ப இதோட மதிப்பே வேறம்மா. சும்மா குடுக்கற பழக்கம் இல்ல."

"அப்ப ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க."

"அந்த வெளிச்சம் பட்டா கலர் போயிடும்."

"ஏன் சார், ஜெராக்ஸ் கடை வச்சுக்கிட்டு இப்புடிச் சொல்றீங்களே, என் சிட்டாவுக்கு மட்டும் வெளிச்சம் படலாமா?"

அம்சம் செல்போனை எடுத்தார். படத்தில் அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உறையில் பட்ட டியூப் லைட் வெளிச்சம்தான் விழுந்தது. உறையிலிருந்து அட்டையை எடுக்கச் சொன்னார். கிளாட்சன் ஆல்பத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நோட்டைத் திறந்து, பேனாவையும் திறந்து, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"அம்மா பேரு என்னன்னு சொன்னீங்க?"

அம்சம் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்லலையே."

"சொல்லுங்கம்மா, குறிச்சுக்கிறேன்."

"சும்மா குடுக்கற பழக்கம் இல்ல சார்."

உள்ளேயிருந்து ரோஸ்லின் சிரித்தது கடை வரைக்கும் கேட்டது. கிளாட்சனுக்கு வியர்த்தது. பேர் இல்லாத மூன்று அட்டையா, பேரோடு இரண்டு அட்டையா? நோட்டில் கணக்குப் போட்டார், விசிறிக்கொண்டார், தண்ணீர் குடித்தார். கடைசியில் மூன்றில் மூலை மடங்கிய ஒன்றைத் தேடி, துணியைப் போட்டுப் பிடித்து நீட்டினார். அம்சம் வெறுங்கையால் வாங்கினார். கட்டைவிரல் நேராகச் சேற்றின் மேல் பதிந்தது. கிளாட்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெத்தினம்" என்றார் அம்சம்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

"ரெத்தினம்னு எழுதுங்க சார். அது போதும்." பிறகு அட்டையைக் கவுண்டரில் வைத்தார். "இப்ப இது என்னோடது. பெருசாக்கி ஒரு கலர் பிரிண்ட் போடுங்க."

வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரர் என்ன செய்ய முடியும்? கண்ணாடியின் மேல் அட்டையைக் கவிழ்த்து வைத்து, ஒளி ஓடும்போது கண்களை மூடிக்கொண்டார். கலர் போகவில்லை. ரெத்தினம் தாள் நிறையச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அம்சம் போனபிறகு கிளாட்சன் மிச்சமிருந்த இரண்டு அட்டைகளின் பின்பக்கம் பேரை எழுத உட்கார்ந்தார். எழுதினால் அட்டை கெட்டுவிடுமே! ஆகவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, உறைக்குள் அட்டைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி பத்திரமாகச் செருகிவைத்தார். சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். வலங்கைமான் ஷேக் பரீத் உடனே பதில் அனுப்பினார்: "அருமையான கண்டுபிடிப்பு, வாழ்த்துகள் சார். ஏழில் மூலை மடங்காத பிரதி மாற்றுக்குக் கிடைக்குமா? பேர் வேண்டாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தை மாதம் ஊர்ப்பக்கம் வந்தபோது அறுவடைக் களத்தில் காரை நிறுத்தினீர்களே, நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மாவை "கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா" என்று நிறுத்திப் படம் பிடித்தீர்களே, 'எங்கள் டெல்டா' என்று ஸ்டேட்டஸ் வைத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி நாலு தடவை எண்ணினீர்களே, அந்த அம்மாவின் பேர் என்ன? கேட்கவில்லையா? பரவாயில்லை. என்றைக்காவது அவருடைய பெண் வந்து அந்தப் படத்தைக் கேட்டால், பதிலுக்கு நீங்கள் என்ன கேட்பீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்.