நாமம் போட்ட மீன்

எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வதற்கு எனக்கு ஒரு மாதமும், இருபது சொச்சம் மீன்களும், என் மாமனாரின் நல்ல பஞ்சகச்சம் ஒன்றும் தேவைப்பட்டன.

அடியோடு தெரியாதவன் பிழைத்துக்கொள்வான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஊரைக் கூட்டுவான். எனக்குத் தெரிந்த மீன்கள் எல்லாம் திருவள்ளூர்க் கோவில் குளத்து மீன்கள். சின்ன வயதில் நான் பொரி போடுவேன், அவை வாயைத் திறந்துகொண்டு வரும். கோவில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் மீன் குலத்துக்கும் அதற்குமேல் கொடுக்கல் வாங்கல் இல்லை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் வேலை கிடைத்தது. பொன்னேரியில் ஒரு போர்ஷன் பிடித்து, கல்யாணமாகி நாலு மாதமே ஆகியிருந்த வைதேகியைக் கூட்டிவந்தேன். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் திரும்புவேன். அவளோ எந்நேரமும் பத்துப் பேர் நடமாடுகிற வீட்டில் வளர்ந்தவள். பொன்னேரியில் அவளுக்கு ஒரு முகம் தெரியாது. ஒருநாள் மாலை சமையலறையில் பேச்சுக்குரல் கேட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்தேன். அவள் குக்கரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ரெண்டு விசில்தான், கோவிச்சுக்காதே.”

அன்று ராத்திரி எனக்குச் சாதம் இறங்கவில்லை. இவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தீர்மானித்தேன். ஒரு ரேடியோ வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டில் அறிமுகம் செய்துவைத்திருக்கலாம். ஆனால் விதி என்னை அந்த வாரம் முடிவெட்டிக்கொள்ள அனுப்பியது. கடையில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை கிடந்தது. நடுப்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஹால். அதில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் பவளப்பாறையும் அதைச் சுற்றி விரல் நீளத்துக்கு வண்ண வண்ணமாகக் கடல் மீன்களும். பக்கத்தில் அவர் மனைவி மோவாயில் கைவைத்துக்கொண்டு புன்னகை புரிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்த மீனோடு எந்த மீனை விடலாம், எதை விடவே கூடாது என்று அடுத்த பக்கத்தில் விளக்கமாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் கடைக்காரர் என் கண் முன்னாலேயே சவரக்கத்தியைத் துடைத்தார். நான் தடுக்கவில்லை. (படம் போதும் என்று நினைத்தேன். வயது இருபத்துநாலு.)

வைதேகியிடம் சொன்னபோது அவள் பயந்துபோனாள்.

“மீனா? நம்மாத்துலயா?”

“சாப்பிடறதுக்கில்லை. பார்க்கறதுக்கு.”

“அது நமக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெருவைப் பற்றிக் கவலையில்லை. கம்பெனி வெல்டரைப் பிடித்து இரும்புச் சட்டம் அடித்து, ஜன்னல் கண்ணாடி பொருத்தி, மூலைகளுக்குத் தார் பூசித் தொட்டி தயாரானது. காற்று விடுகிற சின்ன மோட்டார் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். பவளத்துக்குப் பதில் பழவேற்காட்டுச் சிப்பிகள். தண்ணீருக்கு இரண்டு மண்ணெண்ணெய் டின்களைச் சீயக்காய் போட்டுக் கழுவிப் பழவேற்காட்டுக்கே போய் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டின்னைக் காலால் தட்டினார்.

“இன்னா சார் இது?”

“கடல் தண்ணி.”

“கடலு அங்கியேதான சார் கீது? எங்க ஓடிடப் போவுது?” என்று கேட்டு, இரண்டு டின்னுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

இனி மீன். பொன்னேரி ஸ்டேஷனுக்கு வெளியே பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பெண்கள் மீன் விற்பார்கள். அதில் பவுனம்மா என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும். அவள் எதிரே போய் நின்று, சின்ன மீனாக, உயிரோடு வேண்டும் என்றேன்.

“எத்தினி பேருக்குக் கொழம்பு?”

“குழம்புக்கில்லை. வீட்டில் வளர்க்க.”

அவள் பக்கத்துக் கூடைக்காரிகளைத் திரும்பிப் பார்த்தாள். “ஏய், இத்த கேளுங்கடி! அய்யரு மீன் வளக்கப் போறாராம்!”

“நான் ஐயங்கார்,” என்றேன்.

“எதுவோ ஒண்ணு. நாளைக்கு வா, எங்க ஊட்டுக்காரராண்ட சொல்லி எட்த்தாறேன்.”

மறுநாள் ஒரு அலுமினியப் பானையில் கொண்டுவந்தாள். ஆறு மடவைக் குஞ்சுகள், வெள்ளிக் கம்பி மாதிரி. அடியில் ஒட்டிக்கொண்டு கண்ணை உருட்டும் மூன்று உளுவைகள். அவற்றோடு இரண்டு சின்னஞ்சிறு மீன்கள், வெள்ளை உடம்பில் வளைந்து ஓடும் கறுப்புக் கோடுகளோடு. பானைக்குள் மேலிருந்து பார்த்தேன். இரண்டு பக்கத்துக் கோடுகளும் முதுகில் கூடி, அசல் நாமம்!

“அத்த உட்டுடு அய்யரே,” என்றாள் பவுனம்மா. “கீச்சான் அது. வலையில தப்பி வந்துகீது. மத்ததோட ஒத்துப்போவாது.”

“இத்தனூண்டு இருக்கே, என்ன செய்யும்?”

“உடம்பப் பாக்காத, வாயப் பாரு. மடவ சேத்தத் துன்னும். இது கூட இருக்கறவனத் துன்னும்.”

நான் வாயைப் பார்க்கவில்லை, நாமத்தைத்தான் பார்த்தேன். நாமம் போட்டவன் கெட்டவனாக இருப்பானா? (கறுப்பு நாமம் உலகத்தில் எங்கே உண்டு என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.) பதினோரு மீனும் வீட்டுக்கு வந்தன.

முதல் சாயங்காலத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. வைதேகி தொட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படத்தில் பார்த்தபடியே மோவாயில் கை. மடவைகளுக்குத் தன் அத்தைமார்கள் பெயரை வைத்தாள். உளுவை ஒன்று சிப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததும், “ஏன்னா, இது எங்க சித்தப்பா மாதிரியே முழிக்கறது!” என்று சிரித்தாள். பொன்னேரிக்கு வந்தபின் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

காலையில் ஒரு அத்தைக்கு வாலைக் காணோம்.

மறுநாள் இன்னொருத்திக்குச் செதில் பெயர்ந்திருந்தது. மூன்றாம் நாள் சித்தப்பாவையே காணவில்லை. நான் காரணங்களை ஆராய்ந்தேன். உப்புக் குறைவோ என்று ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டேன். ஊர் ஞாபகத்தில் ஏங்குகின்றன என்று இன்னும் இரண்டு சிப்பிகள் வைத்தேன். கீச்சான்கள் இரண்டும் நாளுக்கு நாள் பளபளவென்று கொழுத்தன. நல்ல ஆரோக்கியமான மீன்கள் என்று அவற்றை மட்டும் நான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், என் கண்ணெதிரே, கீச்சான் ஒன்று அலட்சியமாக நீந்திப்போய் ஒரு அத்தையின் செதிலைக் கடித்துத் தின்றது. அப்போதாவது அதை வெளியேற்றியிருக்க வேண்டும். நானோ திருத்தப் பார்த்தேன். பருப்பு சாதம் போட்டேன், துப்பியது. பொரி போட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. வைதேகியின் முகம் மறுபடி வாட ஆரம்பித்தது. அது பொறுக்காமல், செத்த மீனுக்குப் பதிலாகப் பவுனம்மாவிடம் புதுக் குஞ்சுகளை வாங்கி, டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் தண்ணீரோடு கொண்டுவந்து விட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

நெற்றியில் திருமண், கையில் டிபன் கேரியர், எதிரே மீன் கூடை. பொன்னேரி ஸ்டேஷனே இதை வேடிக்கை பார்த்தது. யார் போய்ச் சொன்னார்களோ, விஷயம் திருவள்ளூரில் மாமனார் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, கடிதம் கிடிதம் எதுவுமில்லாமல், மாமனார் வாசலில் நின்றார். கோவிலில் முப்பது வருஷம் கைங்கர்யம் செய்தவர். அதிகம் பேசமாட்டார். உள்ளே வந்து ஒரு மூச்சு இழுத்தார். அந்த வாரம் தொட்டித் தண்ணீர் கலங்கிப்போய், வைதேகி வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டும் அடங்காத ஒரு வாடை வந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ளை,” என்று ஆரம்பித்தார். “ஊர்ல என்னவோ பேசிக்கறா. நான் நம்பலை. ஆனா...”

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் வெடித்தது.

“அய்யரே! நேத்து மீனு வாங்க வர்லியே, இன்னா ஆச்சு? உனுக்குன்னு பொறுக்கி வச்சி, ஊட்டுக்கே எட்த்தாந்துட்டேன்!”

மாமனாரின் முகத்தில் ரத்தம் வற்றியது. வைதேகி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்பா, நான் சொல்றதைக் கேளுங்கோ...” என்றாள். அவர் கேட்கும் நிலையில் இல்லை. “கிளம்பும்மா,” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் குடும்ப வாழ்க்கையே கைவிட்டுப் போவதுபோல இருந்தது.

“மாமா! நான் தின்னலை! தின்னது இவன்!” என்று கத்திக்கொண்டு தொட்டியிடம் ஓடினேன். குற்றவாளியை நேரில் ஆஜர்படுத்திவிடலாம் என்பது என் எண்ணம். தண்ணீருக்குள் கைவிட்டுப் பெரிய கீச்சானைப் பிடித்துத் தூக்கினேன். அது “கீச்! கீச்!” என்று கத்தியது. (பெயர்க்காரணம் அப்போதுதான் புரிந்தது.) கத்தியதோடு, செவுளில் இருந்த முள்ளை என் உள்ளங்கையில் இறக்கியது. நான் துள்ளினேன். என் முழங்கை தொட்டியின் மூலையில் இடித்தது. தார் விட்டுக்கொடுத்தது.

அவ்வளவு தண்ணீரா அந்தத் தொட்டிக்குள் இருந்தது! முன்பக்கக் கண்ணாடி அப்படியே சாய, நான் பஸ்ஸில் கொண்டுவந்த கடல் முழுவதும் ஹாலில் இறங்கியது. சிப்பிகள் உருண்டு வந்தன. மாமனாரின் பஞ்சகச்சம் முழங்கால் வரை கறுப்பாக நனைந்தது. காணாமல்போயிருந்த சித்தப்பா எங்கிருந்தோ மிதந்து வந்து, அவர் கட்டைவிரலில் முட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பா இத்தனை நாள் சிப்பிக்குள் ஒளிந்திருந்து, அந்த வாரம்தான் உயிரை விட்டிருக்கவேண்டும். வாடைக்குக் காரணமும் அவர்தான்.

மிச்சமிருந்த குஞ்சுகள் தரையில் துடித்தன. நான் ரத்தக் கையோடு நின்றேன். பவுனம்மா பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், வாசற்படியில் சட்டென்று நின்றுவிட்டாள். மாமனாரின் நெற்றியைப் பார்த்தாள், நிலைப்படியைப் பார்த்தாள். அந்தக் காலத்தில், அந்த மாதிரி வீட்டுக்குள், அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

மாமனார் குனிந்து, துடிக்கிற மீனைப் பார்த்தார்.

“என்னம்மா பார்த்துண்டு நிக்கறே? உசிர் போறது. உள்ள வா!”

பவுனம்மா உள்ளே பாய்ந்தாள். வைதேகியும் மண்டியிட்டாள். இரண்டு பேரும் குஞ்சுகளைப் பொறுக்கிப் பானையில் போட்டார்கள். கீச்சான்களையும்தான். பிறகு பவுனம்மா நிமிர்ந்து மாமனாரிடம் சொன்னாள்.

“சாமி, நீ தப்பா நெனச்சிக்கினு கீற. இந்த அய்யரு மீன் துன்றவரு இல்ல. துன்றவரா இருந்தா, இப்பிடி ஏமாறுவாரா? கூடவே உடாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். கேக்கலியே!”

இதைவிட நல்ல சாட்சியம் எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? மாமனார் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மாப்பிள்ளை, அவ வேண்டாம்னு சொல்லியும் அதை வாங்கினேள்?”

உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. “நாமம் போட்டிருந்தது, மாமா.”

“நாமம் போட்டவாளையெல்லாம் நம்பியிருந்தா,” என்றார் அவர் மெதுவாக, “நான் கோவில்ல முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்க முடியுமா?”

முதலில் சிரித்தது வைதேகி. அப்புறம் பவுனம்மா. கடைசியில், நனைந்த பஞ்சகச்சத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாமனாரும். நான் ஹாலைத் துடைத்தேன். அன்று பூராவும் துடைத்தேன்.

பவுனம்மா மீன்களைத் திரும்ப ஏரியில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். கீச்சான்களைக் குழம்பு வைத்துவிட்டதாக ஒருமுறையும், விட்டுவிட்டதாக ஒருமுறையும் சொன்னாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அதன்பிறகு அவள் மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, மோர் குடித்துவிட்டு, வைதேகியோடு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கூடைக்குத் திரும்புவாள். பல வருஷம் இப்படி. நான் சாயங்காலம் வீடு திரும்பினால் வைதேகி என்னிடம், “அட, இன்னா இவ்ளோ லேட்டு?” என்று கேட்பாள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளை வீட்டாரிடம் எல்லாம் பேசி முடித்தபின், அவர் மிகவும் கவலையான குரலில் கேட்டார்.

“உங்க பிள்ளைக்கு மீன் பழக்கம் உண்டோ?”

பிள்ளையின் அப்பா பதறிப்போனார். “சிவ சிவா... ராம ராமா! நாங்க வெங்காயம்கூடச் சேர்க்கறதில்லை!”

“சாப்பிடறதைக் கேக்கலை,” என்றார் மாமனார். “அது அவாவா இஷ்டம். வளர்க்கறதைக் கேட்டேன்.”