கொழுப்பும் மொழிபெயர்ப்பும்

இனி இந்த வண்டியோட வாழுறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன். ஓடுற வண்டி இல்லை, இடுப்புக்கு மேல தொங்கிற தொந்தி. அடுத்த மாதம் எங்கட இருபத்தைஞ்சாவது கலியாணநாள். கலியாணக் கோட்டைப் போட்டு, மூச்சை அடக்கிப் பூட்டின பொத்தான் தெறிச்சுப்போய்ச் சாமிப்படத்தில பட்டுது. மனிசி கஜலக்சுமி அதைப் பாத்துச் சிரிச்சவ. அதுதான் எனக்குச் சுட்டது.

அவவுக்குச் சொல்லாமல், கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற கிளினிக்குக்குப் போனன். டொக்டர் ஆபத்துகளை ஜேர்மன் மொழியில விளங்கப்படுத்தினார். சுவிசில, கூர் நகரத்தில இருபத்தாறு வருசமா ஹோட்டல் குசினியில சமையலுக்கு நிக்கிறன். எனக்குத் தெரிஞ்ச ஜேர்மன் "சூடு, கவனம், கெதியா" மட்டும்தான். எல்லாத்துக்கும் "யா, யா" எண்டன்.

அவர் பேனையைப் பறிச்சிட்டார். விளங்காமல் கையெழுத்து வைக்கேலாதாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒராளைப் போனில எடுத்து ஸ்பீக்கரில போட்டார்.

"வணக்கம் ஐயா. இஞ்ச கதைக்கிறது ஒண்டும் வெளிய போகாது."

ஐயோ! என்ர மனிசி!

அவ இந்த வேலை செய்யிறவதான். அதுக்காக, சுவிசில வேற மொழிபெயர்ப்பாளரே இல்லையோ? குரல் பிடிபடாமல் இருக்க மூக்கால கதைச்சன்.

"வணக்கம் தங்கச்சி."

கட்டின மனிசியைத் தங்கச்சி எண்டவன் உலகத்திலயே நான் ஒருத்தன்தான்.

"கொழுப்பு எங்க கூட எண்டு டொக்டர் கேக்கிறார். வயித்திலயோ, வாயிலயோ?"

"வ... வயித்தில."

டொக்டர் நிறையச் சொன்னார். அவ நிதானமா மொழிபெயர்த்தா.

"இரத்தம் கட்டியா உறைஞ்சு நுரையீரலுக்குப் போகலாம். கொழுப்பும் போகலாம். அரிதாத்தான் நடக்கும், நடந்தா உயிருக்கு ஆபத்து. கிருமி பிடிக்கலாம். தோல் மேடும் பள்ளமுமா வரலாம். பிறகும் கண்டபடி சாப்பிட்டா வேற இடத்தில கொழுப்பு வைக்கும்." குரல் கம்மிப்போச்சு. "கட்டினவள் பாவமெல்லோ ஐயா?"

"அதுவும் டொக்டர் சொன்னதோ?"

"வேற ஆர்?"

டொக்டர் அப்ப தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையாவே பயம் வந்திட்டுது.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி."

அவ ஜேர்மனில ஏதோ சொன்னா. டொக்டர் விழுந்து விழுந்து சிரிச்சு, பைலை மூடிவைச்சார்.

தப்பினன் எண்டு வீட்டை வந்தன். அவ கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தா.

"எங்க போனீங்கள்?"

"வேலைக்குத்தான்."

"நல்லம். இண்டைக்கு ஒரு ஐயாவுக்கு மொழிபெயர்த்தன். ஆரெண்டு சொல்லக்கூடாது. பாவம், தடிமன் போல, மூக்கால கதைச்சவர்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த வாய் சும்மா கிடந்தால்தானே!

"அந்தாள் யோசிச்சுச் சொல்லுறன் எண்டதுக்கு டொக்டர் ஏன் அப்பிடிச் சிரிச்சவர்?"

அவ கத்தியை வைச்சிட்டு நிமிர்ந்து பாத்தா.

"'மனிசியைக் கேட்டுச் சொல்லுறன்' எண்டு மொழிபெயர்த்தன். கேளுங்கோ."