உதாரணம்: விதானையார்

எங்கள் ஊரில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் யாரும் அர்த்தம் சொல்ல மாட்டார்கள், ஆளைக் காட்டுவார்கள். "கஞ்சப்பிசினாறி எண்டால் என்ன?" என்று கேட்டால், "எங்கடை பொன்னுத்துரையைத் தெரியுமெல்லோ, அதுதான்" என்று பதில் வரும். இந்த வழக்கத்தை எழுத்திலே வைத்து மாட்டிக்கொண்ட முதல் முட்டாள் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தற்காலிகக் கிளாக்கர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். வேலை நிரந்தரமானால்தான் எனக்குப் பெண் பார்ப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டார். (ஆகவே அவசரம் ஆருக்கு என்று கேளாதேயுங்கோ!)

அந்த நேரம் பார்த்துச் சீமையிலிருந்து ஒரு டாக்குத்தர் அம்மா வந்து சேர்ந்தார். புத்தகத்தில் தமிழ் படித்தவர். "தங்கள் உதரத்தில் யாது பிணி?" என்பார். வயிற்றுக்குத்தோடு வந்தவர்கள் பயத்திலேயே சுகமாகி எழுந்து போனார்கள். "சனங்கள் பேசும் சொற்களை எனக்கு எழுதித் தாரும்" என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, சொல்லி முடியாது! ஒரே வாரத்தில் நாற்பது தாள் கொப்பி ஒன்று நிரம்பியது.

"விடுப்பு: அயல்வீட்டுச் சங்கதி அறியும் தீராத ஆசை. உதாரணம்: செல்லாச்சியக்கா, வேலிப் பொட்டுக்குள்ளால் பார்க்கும்போது."

"அரியண்டம்: விலக்க முடியாத தொல்லை. உதாரணம்: என் சின்னமாமா, சாப்பாட்டு நேரத்தில்."

"எடுப்பு: தானே ராசா என்ற நினைப்பு. உதாரணம்: எங்கள் விதானையார், சந்தைக்குள் நடக்கும்போது."

கொப்பியை அவர் படிப்பார், மேசைக்குள் வைப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் டாக்குத்தர் அல்லவா? நோயைப் படித்தால் போதாது, நோயாளியை நேரில் பார்க்க வேண்டுமாம்! சனிக்கிழமை காலை கொப்பியோடு புறப்பட்டுவிட்டார். செல்லாச்சியக்கா வேலிப் பொட்டு ஓட்டையில் கண்ணை வைத்தபோது மறுபக்கத்தில் ஒரு நீலக்கண் இருந்திருக்கிறது. அக்கா போட்ட கூச்சல் ஆஸ்பத்திரிவரை கேட்டது. அதைக் கேட்டதும் சந்தை நேரத்து உதாரணம் யார் என்று எனக்கு நினைவு வந்தது. சைக்கிளில் பாய்ந்து ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சந்தை முழுவதும் வாயைப் பிளந்து நின்றது. நடுவில் விதானையார், தலைப்பாகை, குடை, வெள்ளிப்பூண் பிரம்பு. எதிரே டாக்குத்தர் அம்மா மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, தங்கள் எடுப்பு மிகச் சிறந்தது என்று அறிந்தேன். சற்று நடந்து காட்டுவீர்களா?"

மீன் வெட்டுகிற கத்திகூட நின்றுவிட்டது. விதானையார் கொப்பியை வாங்கினார். செல்லாச்சியக்கா பற்றிய வரியைப் படித்து லேசாகச் சிரித்தார். சின்னமாமாவைக் கண்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"தம்பி, உது ஆற்றை எழுத்து?"

"என்ரை... என்ரை எழுத்துத்தான் ஐயா."

"உனக்கு என்னட்டைக் கடிதம் வேணுமெல்லே?"

"ஓம் ஐயா." (என் கலியாணம் மீன் கூடைகளுக்கு நடுவே செத்துக் கிடந்தது.)

"தாறன். நில்லு."

அந்த இடத்திலேயே கருவாட்டுக் கடைப் பலகையில் தாளை வைத்து எழுதி, உறையில் போட்டு ஒட்டி, டாக்குத்தர் அம்மாவிடமே கொடுத்தார். பிறகு பிரம்பைச் சுழற்றிக்கொண்டு, சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, அவர் கேட்டபடியே, நடந்து காட்டினார்! சந்தையே கை தட்டியது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் குழுவின் முன் கடிதத்தைப் பிரித்தார்கள். ஒரே ஒரு வரி.

"விண்ணாணம்: தேவைக்கு மேலே மூளையைக் காட்டுதல். உதாரணம்: இக்கடிதம் சம்பந்தப்பட்ட பொடியன்."

டாக்குத்தர் அம்மா துள்ளி எழுந்தார். "இந்தச் சொல் கொப்பியில் இல்லையே! நோயாளியை இங்கேயே வைத்துக்கொள்வோம்!"

முப்பத்தொரு வருடம் வைத்துக்கொண்டார்கள். என் அம்மாவும் பெண் பார்த்தார். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் பழுதில்லாத மணிக்கூட்டை நான் திருத்த எடுத்தபோது, உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"பிள்ளையள், ஓடி வாங்கோ! உதாரணம் தொடங்கிட்டுது!"