மூன்றாம் மாடித் தியேட்டரும் என் கோட்டும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மச்சான் இலியாஸுக்கு ஜமீர் அகமது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் அக்கா பேகமும் மகள் அஃப்ஸானாவும் நலம். என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்வதாக இல்லை. போனில் திட்டினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

கிருஷ்ணகிரியில் புது மால் திறக்கிறார்கள், அதன் தியேட்டருக்குச் சூப்பர்வைசராக வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாய். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்பும் இதைத்தானே சொன்னாய்? "கம்பெனில எண்ணெயில பொரளறத வுட்டுட்டு, ஏசில கோட்டு போட்டுகினு நிக்கலாம் வாங்க மச்சான்." நானும் பர்மனென்ட் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த ஊர் மாலின் மூன்றாம் மாடியில் போய் நின்றேன்.

முதல் மாதம் திருவிழாக் கூட்டம். இரண்டாம் மாதம் ஒருநாள் ஆபரேட்டர் பிரேம்குமார், இடைவேளை வரை தெலுங்கில் ஓடிய படத்தின் மறுபாதியைக் கன்னடத்தில் போட்டுவிட்டான். அடி விழப்போகிறது என்று ஓடத் தயாராகக் கதவோரம் நின்றேன். மூன்று மொழியும் கலந்து பேசும் நம் ஊர் ஜனம் ஒருவரும் அசையவில்லை, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார்கள், ஒரே ஒரு அம்மா மட்டும் வெளியே வந்து பாப்கார்னில் உப்பில்லை என்றார். இதை முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. இவர்கள் படம் பார்க்க வரவில்லை, ஏசிக்குத்தான் வருகிறார்கள் என்று அவர் முடிவு கட்டி, எங்கெங்கோ ஓடி ஓய்ந்த படங்களாக வரவழைத்தார். அடுத்த கோடையில் ஏசி நின்றது, கூட்டமும் நின்றது. பிறகு ஊரடங்கு வந்து ஷட்டரை இறக்கினோம். அதை யாரும் திரும்ப ஏற்றவில்லை.

இப்போது நான் விட்டுவந்த அதே கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். வாசலில் என் சாப்பாட்டுப் பையைச் சோதிப்பவன் செக்யூரிட்டி ஜெகதீஷ். வெளித் தின்பண்டம் கூடாது என்று தியேட்டர் வாசலில் ஒருமுறை அவன் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டவன் நான். பையைக் கிளறிக்கொண்டே தினமும் கேட்கிறான்: "என்னா பாய், எங்கம்மா சுட்ட முறுக்கப் புடுங்கி வெச்சிக்கினீங்களே, ஞாபகம் இருக்குதா?" நன்றாகவே இருக்கிறது. நல்ல முறுக்கு.

ஆகவே மால், தியேட்டர், கோட்டு என்று இனி எதையும் என் காதில் போடாதே. அஃப்ஸானா படிப்பை முடிக்கும்வரை இந்தக் கம்பெனிக் காக்கிச் சட்டையே போதும். என்னைக் கெடுத்தவன் நீ. ஆனாலும் அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். மாமிக்கு என் சலாம்.

இப்படிக்கு,
ஜமீர் அகமது

பி.கு.: உன் அக்கா தொழுகையில் இருக்கிறாள், அதற்குள் எழுதி முடிக்கிறேன். பரணிலிருந்து கோட்டை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று தொங்குகிறது, நான்தான் இளைத்துவிட்டேன். கிருஷ்ணகிரியில் கோட்டு அவர்களே தருவார்களா, இல்லை இதையே பிடித்துத் தைத்துக்கொள்ளட்டுமா? எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் எழுது.