சிவப்பு போன் மறுபடியும் அடிக்கிறது, சித்தப்பா

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் முட்டி வலி குறைந்து, சித்தி சொல்வதை ஒரு வேளையாவது காதில் வாங்கிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி விஷயம். நம் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியின் போன் சிஸ்டம் என் பொறுப்பிலேயே இருக்கட்டுமா, வெளியாளிடம் கொடுத்துவிடலாமா என்று அத்தை உங்களிடம் கேட்கப்போகிறார். "பிள்ளைகிட்டயே இருக்கட்டும்க்கா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதை அத்தை வாயால் உங்களுக்கு வருவதற்குள் என் வாயால் வந்துவிடட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீடியோ பார்த்து, இணையத்தில் இதற்கென்று இருக்கிற ஃபோரத்தில் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. நம் போன் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு வருகிறது என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்கிறவள் மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த அன்றே, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏற்றினேன். புது வசதிகள் நாற்பது, நாற்பதையும் வரி விடாமல் படித்திருந்தேன். நாற்பத்தொன்றாவது வரியைத்தான் படிக்கவில்லை. டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பழைய ஐஎஸ்டிஎன் கார்டுகள் இந்தப் பதிப்பில் வேலை செய்யாது என்று அதில் போட்டிருந்தான். நீங்கள் மாட்டி வைத்த அதே கார்டு, பத்து நம்பரும் ஒரே லைனில் வந்து இறங்கும் இடம். சரி, பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தால், பேக்கப்பை அதே கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தேன், அப்டேட் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. ஃபோரத்தில் இதைச் சொன்னேன். ஒருவர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார், வேறு உதவி வரவில்லை.

சாப்பிட்டு வந்த அத்தை பத்து நிமிஷம் போன்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு போனும் அடிக்கவில்லை. பிறகு நிதானமாக, "ஏண்டி, கம்பெனியை மூடிட்டமா? எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார்.

அன்றைக்கே லைன்காரரிடம் கெஞ்சி, வருகிற அழைப்பு எல்லாவற்றையும் நம் மெக்கானிக் ஸ்பானர் அண்ணன் செல்போனுக்குத் திருப்பிவிட்டேன். அவர் பாவம், இரண்டு நாள் லிஃப்ட் கூண்டு மேலே நின்று ஒரு கையில் கிரீஸும் மறு கையில் கம்பெனியுமாக இருந்தார். மூன்றாம் நாள் புதுப் பெட்டி வந்தது. கேட்வே என்பார்கள். ஒரு பக்கம் ஐஎஸ்டிஎன் கம்பி, மறுபக்கம் நெட்வொர்க் கம்பி, நடுவில் இருந்துகொண்டு இது சொல்வதை அதற்குப் புரிய வைக்கும், நம் வீட்டில் உங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் அப்பா செய்கிற வேலை. மாட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது, ஆனந்தத்தில் அழுதேவிட்டேன்.

ஆனால் பத்து நம்பரும் சிவப்பு போனிலேயே அடித்தன. சிவப்பு போன் சமாசாரம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் வரும் போன், வைத்ததே நீங்கள்தானே. அத்தை அதில் ஹலோகூடச் சொல்ல மாட்டார். எடுத்ததும், "பயப்படாதீங்க, கதவைத் தொடாதீங்க, அப்படியே கீழ உக்காருங்க, ஆள் வந்துட்டிருக்கு" என்பார். அன்று காலை சர்வீஸ் தேதி கேட்கக் கூப்பிட்ட துணிக்கடை மேனேஜர் கடை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து ஸ்பானர் அண்ணன் போய்த்தான் எழுப்பிவிட்டார். அத்தை குரலுக்கு அப்படி ஒரு மதிப்பு.

இதற்கு ஒரு வழி செய்யலாமே என்று எல்லா அழைப்புக்கும் முன்னால் ஒரு மெனு வைத்தேன். என் குரலிலேயே பதிவு செய்தேன், சர்வீஸுக்கு ஒன்று, விற்பனைக்கு இரண்டு, அவசரத்துக்கு மூன்று. அழகாக வந்திருந்தது. ஆனாலும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நானே சோதித்துவிடுவோம் என்று நம் கட்டடத்து லிஃப்டில் ஏறி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தி, சிவப்பு நம்பருக்கு அடிக்கிற மணிப் பொத்தானை அழுத்தினேன். "வணக்கம், சர்வீஸுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று நானே எனக்குச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன், சித்தப்பா. லிஃப்ட் போனில் இருப்பதே ஒரே ஒரு பொத்தான். எதை வைத்து மூன்றை அழுத்துவது?

செல்போனில் சிக்னல் இல்லை. நிறுத்திய லிஃப்டை உள்ளேயிருந்து கிளப்ப எனக்குத் தெரியவில்லை. ஐம்பது நிமிஷம் என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஸ்பானர் அண்ணன் கதவைச் சாவி போட்டுத் திறந்து, "உள்ள யாரு? ஓ, நீயா. விற்பனையா, சர்வீஸா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் மூன்றே நிமிஷ வேலை. கூப்பிட்டவர் எந்த நம்பருக்கு அடித்தார் என்பதைப் பெட்டி முழுசாக அனுப்பவில்லை, அதனால்தான் எல்லாம் ஒரே போனில் அடித்தன, அதன் செட்டிங்கில் ஒரு டிக் போட்டதும் அனுப்பியது. சிவப்பு நம்பர் மெனுவைத் தொடாமல் நேராகச் சிவப்பு போனுக்குப் போகிறது. நாம் சர்வீஸ் பார்க்கிற பதினான்கு கட்டடத்துக்கும் நடந்தே போய் ஒவ்வொரு லிஃப்டிலிருந்தும் அடித்துப் பார்த்துவிட்டேன். பதினான்கு முறையும் அத்தை என்னைக் கீழே உட்காரச் சொன்னார். லிஃப்டில் மாட்டிக்கொண்டது நான்தான், வேறு யாரும் இல்லை என்பதை மட்டும் நினைத்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் முட்டிக்கும் தனியாக.

இப்படிக்கு,
உங்கள் ஆசிக்குக் காத்திருக்கும்
அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அத்தை வந்தார். உங்களிடம் நேற்றே பேசிவிட்டாராம். "அது சின்னப் பிள்ளை, ஒண்ணும் தெரியாது, வெளியாள்கிட்ட குடுத்துடுக்கா" என்று சொன்னீர்களாம். நான் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அதனாலதான் உன்கிட்டயே விட்டுட்டேன். இருபது வருஷமா அவன் சொன்னதுக்கு நேர்மாறா செஞ்சுதான்டி இந்தக் கம்பெனி ஓடுது" என்றார். ஆகவே மேலே கேட்ட அந்த வார்த்தையைத் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் ஒரு புது சர்வர் கேட்கலாம் என்று இருக்கிறேன். அப்போது அத்தை கேட்டால், என்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் மோசமாகவே சொல்லுங்கள்.