ஆகாயக் கங்காணியின் அரை மங்கு

மலாயாவிலேயே விமானம் ஏறாமல் விமானங்களை மேய்த்த ஒரே மனிதர் எங்கள் ஆகாயக் கங்காணிதான்.

சப்பான்காரன் காலம். கெமாஸில் ரயில் வேலை போனதும் நான் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒதுங்கினேன். ரப்பரை வாங்க ஆளில்லாததால் பால்வெட்டு நின்றிருந்தது. மரவள்ளி நட்டோம், மரவள்ளி தின்றோம், காய்ச்சல் வந்தால் மரவள்ளிக் கஞ்சி குடித்தோம்.

அவர் கங்காணியே இல்லை, வெறும் பால்வெட்டுக்காரர். சண்டைக்கு முன் சிங்கப்பூர் விமானத் திடலில் கொஞ்ச நாள் புல் வெட்டினாராம். அந்த உரிமையில் ஆகாயம் முழுவதும் அவர் மேற்பார்வைக்கு வந்துவிட்டது.

"சிங்கப்பூர் ஒரு தீவு, பினாங்கு ஒரு தீவு. நடுவுல முந்நூத்துச் சொச்சம் மைலு. நம்ம தலைக்கு மேல வந்துட்டான்னா அப்புறம் அரை மங்கு நேரம்தான், பினாங்குல எறங்கிருவான்!"

மங்கு என்பது ரப்பர் பால் பிடிக்கும் கோப்பை. அவரிடம் கடிகாரம் கிடையாது. இரைச்சல் கேட்டதும், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தைக் கீறி மங்கை வைப்பார். பால் பாதிக்கு வந்ததும் "எறங்கிட்டான்!" என்று கத்துவார். நாங்கள் கைதட்டுவோம். பினாங்குக்குப் போய் யார் பார்த்தது?

இந்தக் கத்தல் சப்பான் அதிகாரியின் காதுக்கு எட்டியது. விமானம் இறங்குவது ஒரு கூலிக்கு எப்படித் தெரியும்? எங்கோ ரேடியோவை ஒளித்து வைத்திருக்கிறான்! ரேடியோ வைத்திருந்தால் அந்த நாளில் தலை போகும்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் அவரை முழங்காலிட வைத்தார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார்.

"ரேடியோ எங்கன்னு கேக்குறாருய்யா."

"ரேடியோ எதுக்குங்க? மரம் இருக்குல்ல!"

அதையும் பார்த்துவிடுவோம் என்று அதிகாரி, விமானம் இறங்கியதும் தகவல் தரும்படி பினாங்குக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தான். கங்காணி சொன்ன நேரத்தில் விமானம் இறங்கினால் ஆள் உளவாளி. வடக்கே போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் வந்ததும், கங்காணி மாப்பிள்ளை மாதிரி எழுந்து ஆபீஸ் ஓரத்து மரத்தைக் கீறினார்.

நான் கிசுகிசுத்தேன். "அண்ணே, தப்பா சொல்லுங்கண்ணே. சரியா சொன்னா தலை போயிரும்லா."

"தலை போவட்டும்டா. கணக்கு போவக்கூடாது."

அவர் தலையைக் காப்பாற்றியது மரம்தான். அவர் அடிக்கடி கீறிவந்த லயத்து மரம் இல்லை, சப்பான் வந்ததிலிருந்து கத்தி படாத மரம் அது. அப்படிப்பட்ட மரத்தில் பால் கெட்டியாக வந்து சீக்கிரமே உறைந்துவிடும். பெருமையில் அவருக்கு அது மறந்துபோயிற்று. மங்கின் அடியைத் தொட்டதோடு பால் நின்றது. உள்ளே தொலைபேசி அடித்தது.

"எறங்கிருச்சாம்யா," என்றார் கிராணி.

"பொய்! இன்னும் வானத்துலதான் இருக்கான். மங்க பாருங்க, பால் எங்க வந்துச்சி?"

அதிகாரி மங்கைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கன்னத்தில் இரண்டு விட்டான். "பாக்காயாரோ!" இந்த முட்டாளை எந்த நாடும் உளவுக்கு வைத்துக்கொள்ளாது என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. போகச் சொன்னான்.

உயிர் பிழைத்தவர் லயத்தில் வந்து, வீங்கிய கன்னத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கிழங்கைத் தொடவில்லை.

"என் கணக்கு தப்பாடா?"

"அந்தப் பினாங்குக்காரன் சப்பானுக்குப் பயந்து பொய் சொல்லிருப்பான் அண்ணே. அது எங்க எறங்குச்சி, எறங்கவே இல்ல!" என்றேன்.

"நெசமாவா?"

லயமே தலையாட்டியது. அவர் எழுந்து கிழங்கைத் தின்றார்.

எங்களைப் பொறுத்தவரை அந்த விமானம் இன்றுவரை பினாங்கில் இறங்கவில்லை.