முட்டைக்குள் காய்ச்சல்

செஞ்சி,
12-2-1947

மாதா துணை.

அன்பு மகள் அமலோற்பவத்துக்கு நைனா அடைக்கலராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தேவகிருபையால் சுகம். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதினேன், மனசு சரியில்லை.

வல்லத்திலிருந்து தோமினிக் போன மாதக் கடைசியில் தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். ஆராய்ச்சிக்கூடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்றார். பெருமையாக இருக்கட்டுமே என்று உன் கடிதத்தையே உரக்கப் படித்தேன். கோழிமுட்டையில் துளை போட்டு, சளிக்காய்ச்சல் கிருமியை உள்ளே விட்டு, இரண்டு நாள் வளர்த்து, அப்புறம் அதைக் கொன்று மனிதருக்கு ஊசியாகப் போடுகிறோம், முதல் ஊசி நானே போட்டுக்கொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "கொல்றதுக்கு இன்னாத்துக்கு வளக்கணும்?" என்றார். எனக்கும் அது தெரியவில்லை. அவரை உட்காரவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இளையபெருமாளிடம் ஓடினேன். செத்த கிருமியைக் காட்டினால் உடம்பு பகையாளியின் முகத்தைத் தெரிந்துகொள்ளும், பிறகு அது உயிரோடு வந்தால் விரட்டிவிடும் என்றார். அவர் சொன்னபோது புரிந்தது. வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது, செத்த கிருமி வாசலில் நின்று உயிருள்ள கிருமியை விரட்டும் என்றாகிவிட்டது. "செத்தது எப்படிங்க நிக்கும்?" என்றார் தோமினிக். கேட்டுவிட்டு இரண்டு தும்மல் போட்டார். ஊருக்குப் போனதும் அவருக்குக் காய்ச்சல், மாப்பிள்ளைப் பையனுக்கும் காய்ச்சல், எல்லாம் உன் கடிதத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சந்தையில் நம் வீட்டு முட்டையை யாரும் தொடுவதில்லை. ஞாயிறு பூசையில் தொண்டை கமறி ஒரு தடவை இருமினேன், என்னைச் சுற்றிக் கோயிலே காலியாகிவிட்டது. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு.

ஆகையால் இந்த மாதமே ராஜிநாமா கொடுத்துவிட்டு ரயிலேறு. வளர்த்த கிருமி வளர்ந்த மட்டும் போதும், மிச்சத்தைத் துரைமார் பார்த்துக்கொள்வார்கள். ஊசி போட்ட கை வலிக்கிறதா என்று எழுது.

சகல அர்ச்சிஷ்டரும் உனக்குக் காவலாக இருக்கட்டும்.

உன் நைனா,
அடைக்கலராஜ்

பி.கு.: இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் மகாயுத்தம் முடிந்த வருஷம், அவளுக்கு ஒன்பது வயதாம், இதே காய்ச்சலில் பனமலையில் அவள் தம்பிகள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்களாம். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷமாக இதை என்னிடம் சொன்னதேயில்லை. "அந்தப் புள்ளைங்களுக்கு ஊசி போட அப்ப யாரும் இல்ல. அவ அங்கியே இருக்கட்டும்" என்றாள். வீட்டில் வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியது எதையும் படிக்காதே. வேலையை விடாதே. தோமினிக்குக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.